விரல் விழுந்த படங்கள்

ஒரு நாளைக்குத் தொண்ணூறு வாழை இலை பார்ப்பேன். தோட்டத்தில் இல்லை, கம்ப்யூட்டரில். சிதறால் போகிற ரோட்டில், உரக்கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் செல்லபாய் அக்கா, பிந்து, நான் என்று மூன்று பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். மருந்து அடித்த இலையின் படம் ஒன்று வரும். மருந்து காய்ந்து வெளிறிப் படிந்திருக்கும் இடத்தை மவுஸால் ஓரம் பிடித்துச் சுற்றிக் கோடு போட வேண்டும். படாத இடத்தை விட்டுவிட வேண்டும். அது முடிந்தால் அடுத்த இலை. அதுவும் முடிந்தால் அதற்கடுத்த இலை. வேலை ரொம்ப சுலபம் என்று சேரும்போது சொன்னார்கள். செய்யாதவர்களுக்கு எல்லா வேலையும் சுலபம்தான்.

நான் பதினோரு வருடம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கொரோனாவில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். என் வேலையும் கூடவே போனது. அதன்பிறகு வாழை விவசாயிகள் சங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வெயிலும் மழையும் படாத வேலைதானே என்று ஓடிப்போய்ச் சேர்ந்தேன். ஆறே மாதத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. கண்ணில் எந்நேரமும் மணல் விழுந்த உறுத்தல். வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், குழம்பு படாத சோறு எத்தனை சதவீதம் என்று மனது தானாகக் கணக்குப் போடும்.

இத்தனை கோடும் எதற்கென்றால், ஒரு மிஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க. திட்டத்துக்குப் பொறுப்பு சுபிதா, நாகர்கோவில்காரி, எஞ்சினியர். என்னைவிடப் பத்து வயது சின்னவள். டீப் லேர்னிங் என்று அதற்குப் பெயர் சொன்னாள்.

"இதுதான் மருந்து, இது இல்லன்னு விதி ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டாம்க்கா. நீங்க கோடு போட்ட படத்த ஆயிரக்கணக்குல காட்டுனா போதும். பாத்துப் பாத்து அதுவாவே படிச்சிரும்."

"நாங்க தப்பாக் கோடு போட்டா?" என்று கேட்டேன். பழைய டீச்சர் புத்தி எங்கே போகும்.

"தப்பாப் படிக்கும்."

சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்று என் அம்மா எந்த மிஷினும் இல்லாமலேயே சொல்லியிருக்கிறாள். அதை நான் சுபிதாவிடம் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். மழைக்காலத்தில் வாழைக்கு இலைப்புள்ளி நோய் வரும். மருந்து இலையின் மேல்பக்கம் மட்டும் பட்டால் போதாது, அடிப்பக்கமும் நனைய வேண்டும். அடித்தவர் ஒழுங்காக அடித்தாரா என்று தோட்டம் வைத்திருக்கும் விளைக்காரனுக்குத் தெரியாது. இலை கருகின பிறகுதான் தெரியும். அதனால் மருந்து அடிப்பவரே அது காய்ந்ததும் இலையை மடக்கித் தூக்கி, இரண்டு பக்கமும் தெரிகிறபடி போனில் படம் எடுக்க வேண்டும், இலையில் எத்தனை சதவீதம் மருந்து பட்டிருக்கிறது என்று போன் உடனே சொல்ல வேண்டும். எழுபதுக்கு மேல் வாங்குகிறவர்களின் பெயரைச் சங்கம் லிஸ்டாக ஒட்டும். உறுப்பினர்கள் அந்த லிஸ்டில் உள்ளவர்களைத்தான் கூப்பிட வேண்டும். இதுதான் திட்டம்.

எங்களுக்கு வருகிற படங்களில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். யார் அடித்த இலை என்று தெரிந்து மார்க் போட்டுவிடக் கூடாது என்று சுபிதா செய்த ஏற்பாடு. பரீட்சைத் தாளில் பெயரை மறைப்பார்களே, அது மாதிரி. ஆனால் ரசலையன் அண்ணனை எந்த எண்ணாலும் மறைக்க முடியவில்லை. அவர் எடுத்த படம் எல்லாவற்றிலும் வலது மூலையில் அவருடைய பெருவிரல் விழுந்திருக்கும். ஒரு கையால் இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைப் பிடித்தால், அந்தப் பெரிய கைக்கு வேறு வழியில்லை.

ரசலையன் அண்ணன் எங்கள் சர்ச் சபைக்காரர். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடமாக இந்தப் பக்கத்து விளைகளுக்கெல்லாம் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடிக்கிறவர். ஒரு தடவை எங்கள் விளையில் அடித்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டு, அடித்த மருந்து அத்தனையும் கழுவிப் போய்விட்டது. அடித்தவரைக்கும் போதும் அண்ணா என்று என் வீட்டுக்காரர் ஆபேல் சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் விடிகாலையில் எழுந்து பார்த்தால் யாரும் கூப்பிடாமலேயே வந்து முதல் வாழையிலிருந்து மறுபடியும் அடித்துக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட ஆள்.

ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் என்று எங்களுக்குக் கணக்கு. ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, மூன்று பேருக்கும் கண் இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில், பிந்து திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"இது ரசலையன் அண்ணனுக்க விரலுல்லா. இதுல என்னத்தச் சுத்திச் சுத்திப் பாக்குது? அண்ணன் அடிச்சா எல நனையாம இரிக்குமா?"

முழு இலை என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் இலை முழுக்க மருந்து பட்டதாகப் பதிவாகும். அமுக்கினாள். ஐந்து நிமிடத்தில் நாலரை நிமிடம் மிச்சம். அந்த மிச்சத்தில் மூன்று பேரும் பிளாஸ்கைத் திறந்து சாயா குடித்தோம்.

அன்றிலிருந்து விரல் விழுந்த படத்துக்கு எங்கள் அறையில் சாயாப் படம் என்று பெயர் வந்தது. நாளைக்கு ஒன்றோ இரண்டோ வரும். வந்தால் கண்ணுக்கு ஒரு ஓய்வு. பிள்ளைகளிடம் பதினோரு வருடம் நியாயம் பேசினவள்தான், நானும் அமுக்கினேன். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, பத்து மாதம் அமுக்கினேன். ஏமாற்றுகிறோம் என்று ஒருதடவைகூடத் தோன்றவில்லை. நல்ல மனுஷனை நல்லவர் என்றுதானே சொல்கிறோம் என்று இருந்தது.

ஈஸ்டர் முடிந்ததும் போனில் மார்க் வர ஆரம்பித்தது, வெள்ளோட்டமாக. ரசலையன் அண்ணனுக்கு எடுத்த எடுப்பிலேயே தொண்ணூற்றைந்து. மற்றவர்களெல்லாம் எழுபதிலும் எண்பதிலும் தத்தளித்துக்கொண்டிருக்க, இவருக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கவே இல்லை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓணம் கழிந்து திட்டம் முறைப்படி தொடங்கியது. சுபிதா எல்லாரையும் கூப்பிட்டு ஒருநாள் வகுப்பு எடுத்தாள். இலையைத் தூக்கிப் பிடிக்க ஆளுக்கொரு கயிறு வைத்த கிளிப் கொடுத்தாள். போனை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், விரல் படத்தில் விழக் கூடாது என்றாள். ரசலையன் அண்ணன் சொன்னதைக் கேட்கிற ஆள். கேட்டார்.

அடுத்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஆட்கள் கலைகிறவரை அவர் சர்ச் வாசலில் எனக்காகக் காத்து நின்றார். பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சங்கத்துப் போனை நீட்டினார்.

"மக்கா ரெஜிலா, இத ஒண்ணு பாரு. அறுவத்தொண்ணு. அதுக்கு முந்தி அறுவது. அதுக்கும் முந்தி அறுவத்திமூணு."

"எல்லாருக்கும் கொறயுதா அண்ணா?"

"ததேயுஸுக்கு எழுவத்தெட்டு. அவன் பம்பு பிடிச்சு ரெண்டு வருசம் ஆவல்ல." போனைச் சட்டைப் பையில் போட்டார். "பதினஞ்சாம் தேதி லிஸ்டு ஒட்டுதாவ. அதுல எனக்க பேரு இல்லன்னா பெறவு எவன் கூப்பிடுவான்? ஞானபாய்கிட்ட நான் இதச் சொல்லல்ல. நீ அங்க இரிக்கவ. எனக்க இலையில என்ன குறவுன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

ஞானபாய் அக்கா அவருடைய மனைவி. கொஞ்ச தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறவு உங்களுக்கில்ல அண்ணா, மிஷினுக்காக்கும். நான் பாக்குதேன்" என்றேன். பெரிய நீதிபதி மாதிரி வாக்கும் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் சுபிதாவிடம் சொல்லலாம் என்று போனால், அவளே எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டாள். அவள் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று முகமே சொன்னது.

"மிஷின் எந்த எடத்தப் பாத்து மார்க் போடுதுன்னு இதுல தெரியும்க்கா. ரொம்பப் பாக்குற எடம் செவப்பா வரும்" என்று ஒரு படத்தைக் காட்டினாள். ததேயுஸ் அடித்த இலை. இலை முழுக்கச் சிவப்பு பரவியிருந்தது. அடுத்த படத்தைக் காட்டினாள். இலையில் சிவப்பே இல்லை. வலது மூலையில், பெருவிரல் மேல் மட்டும் திட்டாகச் சிவப்பு.

"இது இலையப் பாக்கவே இல்ல. விரலப் பாத்துட்டுத் தொண்ணூத்தஞ்சு போட்டிருக்கு."

கீழே போய் உரக்கடை முற்றத்தில் நின்ற வாழையில், ஒரு துளி மருந்தும் காணாத இலையில், தன் பெருவிரலை மூலையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். எண்பத்தெட்டு காட்டியது. பிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அவளுக்கே விளங்கிச் சிரிப்பு நின்றது.

"இது எப்படி இப்படிப் படிச்சிது? எனக்குப் புரியல" என்றாள் சுபிதா.

செல்லபாய் அக்கா என்னைப் பார்த்தார். பிந்து தரையைப் பார்த்தாள். சரி, பூனைக்கு மணி கட்ட நான்தான் கிடைத்தேன் என்று முழுக்கதையையும் சொன்னேன். சாயாவையும் மறைக்கவில்லை. சுபிதா கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்தாள்.

"எத்தன படம் இருக்கும்?"

"நானூறு இருக்கும்."

எண்ணிப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. விரல் விழுந்த மூலையைக் கறுப்பாக மறைத்துத் தருகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றுக்கும் திரும்பக் கோடு போட்டுத் தாருங்கள், மிஷினுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்து அதை வைத்துத்தான் லிஸ்ட் போடுவேன் என்றாள். அத்தனையையும் நானே செய்கிறேன் என்றேன். எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. நாங்கள் செய்தது சோம்பேறித்தனம்தான், சந்தேகமில்லை. ஆனால் உண்மையாகப் பார்த்துக் கோடு போட்டாலும் தொண்ணூறுக்கு மேல்தானே வரப்போகிறது. விரலைத் தேடித்தேடி மிஷின் அண்ணனுடைய இலையைப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது, அதைச் சரிசெய்தால் அவர் பெயர் லிஸ்டில் முதலாவதாக வரும் என்று அப்படியே நம்பினேன்.

முதல் எழுபது எண்பது படம் போன வருடம் ஐப்பசி, கார்த்திகையில் எடுத்தவை. பார்க்கப் பார்க்கக் கண் குளிர்ந்தது. மேலும் கீழும் ஒரே சீராக, ஒரு விரலளவு இடம் விடாமல் மருந்து படிந்திருந்தது. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிமூன்று. இதைத்தானே நாங்கள் பார்க்காமலே போட்டோம் என்று பிந்துவிடம் பீற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி படங்களில் அடிப்பக்கம் மெலிந்து வந்தது. நடுத்தண்டை ஒட்டிக் கொஞ்சம் படிந்திருக்கும், ஓரம் பச்சையாகவே இருக்கும். எண்பது, எழுபத்தைந்து. வெயிலில் எடுத்த படம், வெளிச்சம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். மார்ச்சில் அறுபத்தெட்டு. ஈஸ்டருக்குப் பிறகு வந்த படங்களில் இலையின் அடிப்பக்கம் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஐம்பத்தைந்து, ஐம்பது. போய் முகம் கழுவிவிட்டு வந்து திரும்பப் போட்டேன். அதே கணக்கு. யாருடையது என்று சொல்லாமல் ஒரு படத்தைப் பிந்துவிடம் கொடுத்துக் கோடு போடச் சொன்னேன். நான் போட்டது ஐம்பத்தைந்து, அவள் போட்டது ஐம்பத்திமூன்று.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. குருத்தோலை ஞாயிறன்று எல்லாரும் ஓலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு போகும்போது, ரசலையன் அண்ணன் இடது கையில் இடுப்பளவில் பிடித்துக்கொண்டு போனார். காணிக்கைப் பை வந்தால் வாங்குவதும் கொடுப்பதும் இடது கையால்தான். எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன், ஒன்றையும் யோசிக்கவில்லை. வாழை இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டுமானால் குழலைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து அடிக்க வேண்டும். தோள் தூக்காதவருக்கு அது முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் ஜூன் மாதப் படம் ஒன்று வந்தது. கீழே விளை எண் முப்பத்தேழு. அது செல்லபாய் அக்காவின் விளை. ஓணத்துக்கென்று முந்நூறு ஏத்தன் வாழை வைத்திருந்தார். ஜூலையில் இலையெல்லாம் மஞ்சளித்துக் கருகி, குலையில் காய் விரல் பருமனிலேயே நின்றுவிட்டது. களியக்காவிளையிலிருந்து வந்த வியாபாரி ஒரு குலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். மழை என்றார்கள். மருந்தில் கலப்படம் என்றார்கள். கீழே உரக்கடைக்காரர் எதிரே வந்தால் அக்கா இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரசலையன் அண்ணன் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தோன்றவே இல்லை.

கோடு போட்டு முடித்தேன். நாற்பத்திநாலு. முன்பு கோடு போட்டது யார் என்று படத்தின் கீழே ஒரு எழுத்து இருக்கும். அது என் எழுத்து. முழு இலை. வெட்கமாக இருந்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்து செல்லபாய் அக்கா எட்டிப் பார்த்தார்.

"எனக்க விளையா?"

"ஆமாக்கா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அடிப்பக்கம் ஒண்ணுமே படல்லியே."

"படல்ல."

"நான் மழையாக்கும்னு நெனச்சேன்" என்றார். "கீழ கடக்காரன வேற கண்டபடி ஏசியாச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "சவத்த விடு ரெஜிலா. முன்ன இருந்த மாதிரியே போட்டுரு. எனக்க வாழை போனது போச்சு. இனி அண்ணன் எங்க போவாரு?"

"அடுத்தவனுக்க விளைக்குப் போவாரு அக்கா."

அக்கா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து அவருடைய இலைக்குக் கோடு போட ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இந்த நல்ல மனசைத்தானே பத்து மாதமாக மூன்று பேரும் பொத்தானில் அமுக்கிக்கொண்டிருந்தோம். நாற்பத்திநாலு என்றே பதிந்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. சுபிதா மிஷினுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள். விரலை வைத்தாலும் எடுத்தாலும் இப்போது ஒரே மார்க்தான் வந்தது. ரசலையன் அண்ணன் போன வாரம் அடித்த மூன்று விளையையும் காட்டினாள். ஐம்பத்தைந்து, ஐம்பத்தேழு, ஐம்பத்தைந்து. லிஸ்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி அவரை விடக் கூடாது என்று நினைத்தேன். நான் போய்ச் சொல்கிறேன் என்று அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இறங்கினேன்.

சானல் கால்வாய்க் கரையை ஒட்டிய ஒரு விளையில் அடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஞானபாய் அக்கா சொன்னார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. வாழைகளுக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வலது கை தோள்வரை வந்து நின்றுவிடுகிறது. மீதி உயரத்துக்கு அவர் உடம்பையே பின்னால் வளைத்தார். அப்படியும் மருந்து இலையின் தண்டில் பட்டுக் கீழே வழிந்தது. அடுத்த வாழைக்குப் போனார். அங்கேயும் அப்படித்தான். ஒரு வாழையையும் விடவில்லை.

வேலை முடிந்து சானலில் இறங்கிப் பம்பைக் கழுவும்போதுதான் என்னைப் பார்த்தார்.

"என்ன மக்கா, மிஷினு செரியாச்சா?"

"ஆச்சு அண்ணா."

"எத்தன?"

"அம்பத்தஞ்சு."

கழுவுவதை நிறுத்தினார். "அப்ப செரியாவல்ல."

"எனக்க கண்ணால பாத்தேன் அண்ணா. நானூறு படத்தயும் பாத்தேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் தொண்ணூறுக்கு மேல. பெறவு கொறஞ்சு கொறஞ்சு வருது. அடிப்பக்கம் படல்ல."

அவர் பம்பைக் கரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஜனவரியில ஒரு விளையில வழுக்கி விழுந்தேன். அதுக்குப் பெறவு மேல தூக்க வரல்ல. எண்ண தடவிப் பாத்தேன், ஊசி போட்டுப் பாத்தேன். ஞானபாய்க்கு மட்டும் தெரியும்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஈஸ்டரோட போதும்னு நிறுத்தத்தான் இருந்தேன். அவகிட்ட சொல்லவும் செய்தேன். அப்பந்தான் இந்தப் போனுல மார்க்கு வர ஆரம்பிச்சுது. மொத நாளே தொண்ணூத்தஞ்சு. மறுநாளும் தொண்ணூத்தாறு. நோவு எனக்க கையிலதான் இருக்கு, சோலியில ஒரு குறவும் இல்லன்னு நெனச்சேன். மிஷினு எதுக்குப் பொய் சொல்லுது?"

எதற்கு என்று சொன்னேன். விரலை, பொத்தானை, சாயாவை, நாங்கள் அதற்கு வைத்த பெயரை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"செல்லபாய்க்க விளைக்கும் அப்பிடித்தான் போட்டியளா?"

"அது நான் போட்டதாக்கும் அண்ணா."

"அவளுக்குத் தெரியுமா?"

"நேத்து தெரிஞ்சுது. மாத்தாண்டாம்னுதான் சொன்னாங்க. நாங்க எல்லாரும் உங்க மேல உள்ள மதிப்புலதான்..."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் அழுதாவது இருப்பேன்.

"நீ மொதல்லயே உள்ளதப் போட்டிருந்தா, நான் அவளுக்க விளையில எறங்கியிருக்க மாட்டேனே மக்கா."

எழுந்தார். பம்பின் வாரை வலது தோளில் மாட்டப் பார்த்தார், முடியவில்லை. தூக்கிவிட நான் கிட்டே போனேன். வேண்டாம், நீ வீட்டுக்குப் போ என்றார். பம்பை இடது கையில் தூக்கிக்கொண்டு சானல்கரையில் ஏறி, தன் வீட்டுக்குப் போகிற வழியை விட்டு, செல்லபாய் அக்காவின் வீட்டுப் பக்கமாக நடந்தார்.